மிச்சத் தண்ணீர்

பிளாஸ்டிக் பாட்டிலில் பூச் செய்கிறவள் என்று சொன்னால் எல்லோர் முகத்திலும் ஒரு சிரிப்பு வருகிறது. பொழுது போகாத பெண்பிள்ளை என்று நினைத்துக்கொள்கிறார்கள். போன மாதம் திருப்பதியில் ஒரு கல்லூரிக்குக் கூப்பிட்டு, மேடையில் உட்கார வைத்து, குப்பையிலிருந்து அழகைப் படைக்கிறவர் என்று பேசினார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அழகைப் படைக்க யார் உட்கார்ந்தார்கள்? வீட்டில் சம்பாதித்துக்கொண்டிருந்தவர் படுத்துவிட்டார். அவரைக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காக்க வேண்டியிருந்ததால் நான் வெளியே வேலைக்குப் போக முடியவில்லை. வீட்டோடு இருந்து செய்யத் தோதாகக் கிடைத்த வேலை அது ஒன்றுதான்.

படுத்தவர் என் வீட்டுக்காரர். என் அம்மாவின் கடைசித் தம்பி. எங்கள் பக்கத்தில் அக்காள் மகளைக் கட்டுவது சாதாரணம். பாவாடை கட்டிய வயதிலிருந்து அவரை மாமா என்று கூப்பிட்டேன், கல்யாணத்துக்குப் பிறகும் மாமாதான். நகரிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். நிலத்தை நம்பி இருந்தால் வயிறு நிறையாது என்று திருப்பதிக்கு வந்து டாக்சி ஓட்டினார். ரயிலடியிலிருந்து மலைக்கு, மலையிலிருந்து ரயிலடிக்கு, அவ்வளவுதான் அவருடைய உலகம். சவாரிகளிடம் தமிழ், தெலுங்கு, அரைகுறை இந்தி என்று எல்லாவற்றிலும் பேசுவார். வீட்டில் மட்டும் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

எச்சில் விஷயத்தில் மகா கண்டிப்பான மனுஷர். எங்கே போனாலும் டம்ளரை உதட்டில் வைக்க மாட்டார், அண்ணாந்துதான் குடிப்பார். வண்டியில் அவருக்கென்று ஒரு பாட்டில் இருக்கும். அதில் நான் தெரியாமல் வாய் வைத்துவிட்டால் அன்றைக்கு முழுக்க அதைத் தொட மாட்டார். "பொண்டாட்டி எச்சல்தானே மாமா" என்று கிண்டல் செய்தால், "எச்சல் எச்சல்தான்மே" என்பார். இப்படிப்பட்டவரோடு குடித்தனம் நடத்துவது லேசில்லை. ஆனாலும் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நான் சொல்லப்போவதைக் கேட்டு ராட்சசி என்று நினைத்துவிடக் கூடாது.

சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்து அவருடைய சிறுநீரகங்களை முடித்துவிட்டன. மலைப்பாதையில் வண்டியை நிறுத்தி ஒன்றுக்குப் போக முடியாது என்று வருஷக்கணக்கில் தண்ணீரே குடிக்காமல் ஓட்டினார். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். வண்டியை விற்றோம். சிறுநீர் அநேகமாக நின்றுபோயிற்று. குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கும் என்பதால் ஒரு நாளைக்கு அரை லிட்டர் பாட்டில் ஒன்றுக்கு மேல் கூடாது என்றார்கள். காபி, மோர், மாத்திரை போடுகிற தண்ணீர் எல்லாம் அதற்குள்தான். மீறினால் நுரையீரலில் நீர் ஏறி மூச்சு முட்டும், ஆள் போய்விடுவார் என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அவரிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னார். காவல்காரி யார் என்று அந்த டாக்டருக்குத் தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் தண்ணீருக்கு நான்தான் தாசில்தார். காலையில் அவருடைய பங்கை அளந்து ஊற்றிக் கொடுப்பேன். குடங்களை அடுப்படியில் வைத்துப் பூட்டுவேன், குழாய்க்கும் ஒரு பூட்டு. குளிக்கும்போது நானே மொண்டு ஊற்றுவேன், அவர் வாயை மூடியிருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே. முகம் கழுவும்போது கொஞ்சம் உள்ளே போய்விடும் என்று பயந்து ஈரத்துணியால் துடைத்து விட்டேன். சித்தூர் ஜில்லா வெயிலில் ஒரு மனுஷனுக்குத் தண்ணீரைப் பூட்டி வைப்பது எப்படி இருக்கும் என்று செய்தவளுக்குத்தான் தெரியும். அவர் நாக்கு வெடித்திருக்கும். பேசும்போது உதடு ஒட்டி ஒட்டிப் பிரியும். நான் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்குப் போய்க் குடித்துவிட்டு வருவேன்.

பாட்டில் வேலை அப்போதுதான் வந்தது. பெண்கள் சங்கத்தில் பயிற்சி கொடுத்தார்கள். பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டினால் அதுவே இதழ் பிரிந்த பூ மாதிரி இருக்கும். விளிம்பை மெழுகுவர்த்தியில் லேசாகக் காட்டினால் சுருளும். வர்ணம் அடித்து, நடுவில் மணி வைத்து, நூலில் கோத்தால் வாசலுக்குத் தோரணம். பச்சை பாட்டிலில் இலை, வெள்ளை பாட்டிலில் மல்லிகை. சத்திரத்துக்காரர்களும் கல்யாண மண்டபத்துக்காரர்களும் வாங்கிக்கொண்டார்கள். நிஜப் பூ ஒரு நாளில் வாடிவிடும், இது தூசி தட்டினால் போதும் என்று அவர்கள் கணக்கு.

பாட்டிலுக்கு நான் அலையவே வேண்டியிருக்கவில்லை. மலைக்குப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டு போகக் கூடாது. அடிவாரத்தில் சோதனை இருக்கிறது. அதனால் சவாரிகள் பாட்டில்களை டாக்சியிலேயே விட்டுவிடுவார்கள். மாமாவோடு ஓட்டிக்கொண்டிருந்த ஒரு டிரைவர், அவரை அண்ணா என்று கூப்பிடுகிற நல்ல பையன், ஸ்டாண்டில் எல்லா வண்டிகளிலும் சேர்ந்ததை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து போடுவான். "அண்ணிக்கு ஆவும்னு எட்த்தாந்தேன்" என்பான். உட்கார்ந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் போவான். எங்கள் வீட்டில் யாரும் தண்ணீர் கேட்க மாட்டார்கள், அவ்வளவு நாகரிகம் எல்லோருக்கும் வந்திருந்தது.

மாமாவுக்கும் ஒரு வேலை கொடுத்தேன். சும்மா படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனசு கெட்டுவிடும் என்று நான்தான் யோசித்துக் கொடுத்தேன். பின்கட்டில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். மூட்டையைப் பிரித்து, பாட்டில்களில் மிச்சமிருக்கிற தண்ணீரைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்ற வேண்டும். லேபிளைப் பிய்த்து, பசையைச் சுரண்டி என்னிடம் தர வேண்டும். பலம் வேண்டாத வேலை. அவரும் ஒழுங்காகச் செய்தார். ஒரு பாட்டிலில்கூடப் பசை ஒட்டியிருக்காது. வண்டியைத் துடைத்த கை அல்லவா.

என் அம்மா ஊரிலிருந்து ஒத்தாசைக்கு வந்து தங்கியிருந்தாள். சமையல் அவள் பொறுப்பு. தம்பிக்கு உப்பில்லாமல், புளியில்லாமல் ஆக்கிப் போடுகிறபோதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். "இத்த மாடு துன்னுமா?" என்பாள். அவள் தூக்கி வளர்த்த தம்பி. எனக்கு முன்பே அவரைக் காவல் காத்தவள் அவள்தான்.

டயாலிசிஸுக்கு முன்னால் எடை பார்ப்பார்கள். ஏறியிருக்கிற எடை முழுக்கத் தண்ணீர். ஆரம்பத்தில் சரியாகத்தான் இருந்தது. பிறகு ஏற ஆரம்பித்தது. கால் வீங்கியது, கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. எடை பார்க்கிற நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீள்ளு எக்குவ தாகுதுன்னாரு அம்மா" என்றாள். அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறாராம். நான் அளந்து கொடுக்கிறேன், பூட்டி வைக்கிறேன் என்று சொன்னேன். அவள் என்னை நம்பாத மாதிரி தலையாட்டினாள். எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. நான் கொடுக்கவில்லை என்றால் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"மோர் குடுத்தியா?"

"நான் இன்னாத்துக்குடி குடுக்கறேன்?"

"உன் தம்பிதானே. நான் அந்தாண்ட போனதும் பாசம் பொத்துக்கினு வந்துருக்கும்."

"அவன் எனக்குத் தம்பிதான். உன் தாலியும் அவன்தானடி. அத்த மறந்துட்டு நான் குடுப்பனா?"

நான் விடவில்லை. சாவிக்கொத்து இடம் மாறியிருக்கிறது, குடம் குறைந்திருக்கிறது என்று என்னென்னவோ கேட்டேன். அம்மா பின்கட்டுப் பக்கம் திரும்பி, "நீயாவது சொல்லுடா" என்றாள். மாமா நாற்காலியில் உட்கார்ந்து லேபிள் பிய்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும், நாலடி தூரம்தான். அவர் தலையைத் தூக்கவில்லை. நகத்தால் பசையைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

அம்மா புடவைகளைப் பையில் திணித்துக்கொண்டு அன்றைக்கே ஊருக்குப் போகப் புத்தூர் பஸ் ஏறிவிட்டாள். தம்பியின் தலையில் மட்டும் ஒரு தடவை கை வைத்துவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகும் எடை குறையவில்லை. உப்பைச் சந்தேகப்பட்டேன், பழத்தைச் சந்தேகப்பட்டேன், ஆஸ்பத்திரி எடை மிஷினையே சந்தேகப்பட்டேன். வெயில் உச்சத்தில் ஏறிய ஒரு மத்தியானம், சாப்பிட உட்கார்ந்தவர் வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தார். நெஞ்சுக்குள் கொழகொழவென்று சத்தம். அந்த டிரைவர் பையன்தான் வண்டியைக் கொண்டு வந்தான். உடனே டயாலிசிஸில் போட்டு, நீரை இழுத்து, எப்படியோ திருப்பிக் கொடுத்தார்கள். டாக்டர் இந்தத் தடவையும் என்னிடம்தான் பேசினார். இதயம் ரொம்பச் சோர்ந்துவிட்டது, இன்னொரு முறை இப்படி நீர் ஏறினால் எங்களை நம்பாதீர்கள் என்றார். ஏறாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எப்படி ஏறுகிறது என்றே தெரியாதவள் கொடுத்த வாக்கு அது.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் கழித்து மாமா மறுபடி பின்கட்டு நாற்காலிக்குப் போனார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பழையபடி எழுந்து உட்கார்ந்து வேலை செய்கிறாரே என்று.

ஒரு காலை துணி உலர்த்தப் போனபோது செம்பருத்தியைப் பார்த்தேன். இலையெல்லாம் சுருண்டு தொங்கியது. அடியில் மண் வெடித்திருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன், உள்ளேயும் புழுதிதான். அந்தச் செடிக்கு வேறு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. மாமாவின் மூட்டையிலிருந்து வருகிற மிச்சம்தான் அதற்கு. மூட்டையோ நாள் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. கால் பாட்டில், அரை பாட்டில் என்று யாரோ குடித்து மீதி வைத்தது. அவ்வளவும் எங்கே போகிறது?

துணிக் கூடையோடு அங்கேயே நின்றேன். குடத்தைப் பூட்டினேன், குழாயைப் பூட்டினேன், பெற்ற தாயைத் துரத்தினேன். அப்புறம் மூட்டை மூட்டையாகத் தண்ணீரை அவர் கையிலேயே கொண்டு போய்க் கொடுத்து, இதைக் கீழே ஊற்றுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இதைவிடப் பைத்தியக்காரத்தனம் எங்கேயாவது உண்டா?

அப்போதும் எனக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. காரணம் அந்த எச்சில்தான். பெண்டாட்டி வாய் வைத்த பாட்டிலைத் தொடாதவர், ஊர் பேர் தெரியாத யார் யாரோ குடித்து வைத்ததை எப்படிக் குடிப்பார்? கடைக்குப் போய்வருகிறேன் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, வாசல் வரைக்கும் போய், செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். அடுப்படி ஜன்னலிலிருந்து பின்கட்டு தெரியும்.

ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூடியைத் திறந்தார். பாட்டிலின் வாயைத் துண்டின் முனையால் நன்றாகத் துடைத்தார். பிறகு கழுத்தை அண்ணாந்து, உதட்டில் படாமல், உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டார். ஒரு சொட்டு சிந்தவில்லை. விழுங்காமல் கொஞ்ச நேரம் வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அந்த முகத்தை அத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. என்னோடு இருந்தபோதுகூட.

கோபம் வருவதற்கு முன்னால் எனக்கு அழுகைதான் வந்தது. அதை விழுங்கிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

"மாமா."

அவர் ஒளிக்கவில்லை. பாட்டிலைக் கீழே வைத்தார்.

"கீழ ஊத்த மனசு வரலமே" என்றார்.

"செத்துப் போயிடுவன்னு டாக்டர் சொன்னாரே, உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"எங்கம்மாவ நான் அந்த விரட்டு விரட்டினேன். பாத்துக்கினு கம்முனு குந்தினு இருந்தியே. அது உன் அக்கா இல்லியா?"

அவர் பாட்டிலின் மூடியைத் தேடி எடுத்துத் திருகினார். பிறகு, "சொன்னா நிறுத்திடுவியே" என்றார்.

வெட்கம்கூடக் குரலில் இல்லை. உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான். நான் கையில் கிடைத்த பாட்டிலையெல்லாம் எடுத்துச் செடியில் ஊற்றினேன். ஒவ்வொன்றாகத் திறந்து, கவிழ்த்து, உதறி. அவர் நாற்காலியில் இருந்தபடி அது மண்ணில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏன் அதை அவர் கண் முன்னாலேயே செய்தேன் என்று யாராவது கேட்டால், கோபத்தில் செய்தேன் என்றுதான் சொல்வேன். அவர்மேல் எவ்வளவு கோபமோ, அந்தத் தாகத்தின்மேலும் அவ்வளவு கோபம்.

அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். மன்னித்துக்கொள் என்கிற பேச்செல்லாம் எங்கள் வீட்டில் வராது. நடந்ததை மட்டும் சொன்னேன்.

"அவன் என்னைக் கேக்கவே இல்லடி" என்றாள் அம்மா. "கேட்டிருந்தா குடுத்தே இருப்பேன்."

வா என்றேன். கூப்பிட்டபோதெல்லாம் அறுப்பு இருக்கிறது, மாடு ஈன்றிருக்கிறது என்று ஏதோ சொன்னாள். வரவில்லை.

டிரைவர் பையனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் செத்துப் போயிற்று. தான்தான் விஷத்தைக் கொண்டு வந்து போட்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டான். அதன்பிறகு ஸ்டாண்டிலேயே எல்லாவற்றையும் கவிழ்த்து, வெயிலில் காய வைத்துத்தான் மூட்டை கட்டுவான். வீட்டுக்கு வந்தால் நானும் ஒரு தடவை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்ப்பேன். மாமா அந்த வேலையை விடவில்லை. முன்போலவே பின்கட்டில் உட்கார்ந்து, காய்ந்த பாட்டில்களிலிருந்து லேபிளைப் பிய்த்துக் கொடுத்தார். சில சமயம் ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பழக்கம். பார்த்துவிட்டு வைத்துவிடுவார். ஒரு கல்யாண மண்டபத்துக்கு அப்போது நிறைய வெள்ளைப் பூ கேட்டிருந்தார்கள். பூவைச் சுருட்டிக்கொண்டே அவரைப் பார்த்தபடி இருப்பேன். வாய் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்.

எடை இறங்கியது. கால் வீக்கம் வற்றியது. நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன், கடவுள் கேட்டுக்கொண்டிருந்தால் சிரித்திருப்பார்.

மார்கழிக் குளிரில், டயாலிசிஸுக்குப் போக ஆட்டோவில் ஏறப்போனவர் வாசலில் அப்படியே மடங்கினார். ஆஸ்பத்திரியில் இறக்குவதற்குள் முடிந்துவிட்டது. நான் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, தண்ணீர் ஏறிவிட்டதா என்பதுதான். இல்லையம்மா, இதயம் நின்றுவிட்டது என்றார். நெஞ்சில் நீர் இல்லை. கால்கள் காய்ந்த சுள்ளி மாதிரி இருந்தன. எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டு, தாகத்தோடு இருந்து, தாகத்தோடேயே போயிருக்கிறார்.

ஊருக்குக் கொண்டு போனோம். அந்தப் பையன்தான் வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு முன்னால் வண்டி ஓட்டினான். வீட்டு முன்னால் பந்தல் போட்டு, மாமாவைப் பெஞ்சில் கிடத்தி, குளிப்பாட்ட ஆரம்பித்தார்கள். யாரோ மோட்டாரைப் போட்டார்கள். குடம் குடமாகப் பிடித்து வந்து வரிசையாக வைத்தார்கள். பங்காளிகள் தலைக்கு எண்ணெய் வைத்து, சீயக்காய் போட்டு, ஒருத்தர் மாற்றி ஒருத்தர் ஊற்றினார்கள். தலையில் விழுந்த தண்ணீர் முகத்தில் வழிந்தது. வாயோரம் நின்று, கழுத்தில் இறங்கி, பெஞ்சிலிருந்து கொட்டித் தெருவரைக்கும் ஓடியது. நான் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தேன். அவர் இறந்துவிட்டார் என்பது புத்திக்குத் தெரிகிறது. ஆனாலும் அவ்வளவு தண்ணீரை அவர்மேல் பார்க்க முடியவில்லை. போதும், போதும் என்று என் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. துக்கத்தில் உளறுகிறாள் என்று பெண்கள் என் தோளைப் பிடித்தார்கள்.

கடைசியாக அம்மா வந்தாள். நான் விரட்டிய பிறகு அன்றைக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்கிறேன். குடத்தில் ஒரு சொம்பு மொண்டுகொண்டு, தம்பியின் தலையை ஒரு கையில் தாங்கி, முகத்துக்கு நேராகக் கொண்டு போனாள். அவருடைய உதடு லேசாகத் திறந்திருந்தது. என் கை தானாகப் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது.

அம்மா என்னைத் திட்டவில்லை.

"வுடுடி" என்றாள். "இப்பவாவது குடிக்கட்டும்."

என்னால் விட முடியவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக அவள்தான் பிரித்து எடுத்தாள்.